உஷார்! மறதியின் காரணத்தை மறைக்கும் மாத்திரைகள்

‘ஞாபக சக்திக்கு’ என்று அச்சடித்த டப்பா ஏதாவது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதா? முதலில் அதை எடுத்துத் தனியாக வையுங்கள். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன். விளம்பரத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றோ, மெடிக்கல் கடையில் கேட்டோ வாங்கியது என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மூடியைத் திறக்க வேண்டாம்.

நம் நாட்டு மருந்து விதிகளில் ‘அட்டவணை ஜே’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள எதையும் தடுப்பேன், குணமாக்குவேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு எண்ணத்தை வாங்குகிறவர் மனதில் உண்டாக்கவும் கூடாது. புற்றுநோய், சர்க்கரை நோய், எய்ட்ஸ், வழுக்கை எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில், மூளையின் திறனைக் கூட்டுவது, ஞாபக சக்தியை மேம்படுத்துவது என்பதும் இருக்கிறது. ஒரு மருந்துக்கு இல்லாத அந்த உரிமை கடை அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கு எங்கிருந்து வந்தது? அதைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கும். அதாவது, அது மருந்தாக அல்ல, உணவுத் துணைப்பொருளாகப் பதிவானது. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் அங்கேயே இருக்கும். முன்பக்கம் மூளைப் படம், பின்பக்கம் இந்த வாசகம். நாம் வாங்குவது முன்பக்கத்தைப் பார்த்து.

இதை நான் தெரிந்துகொண்டது என் பெரியம்மாவால்.

பெரியம்மா ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பது வருடத்துக்கு முன் படித்த பையன் பஸ் ஸ்டாண்டில் வணங்கினால், அவன் பெயரோடு அவன் தம்பி பெயரையும் சேர்த்துச் சொல்வார். 68 வயதில் அவருக்குச் சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வர ஆரம்பித்தது. அப்புறம் சாவி. அப்புறம் கேஸை அணைக்க மறந்தது. அவர் மகன், என் அண்ணன், பயந்துபோய் மூளைக்கு என்று விளம்பரம் வந்த ஒரு கேப்ஸ்யூலை வரவழைத்தார். மூலிகைச் சாறுகள், கூடவே ஃபோலிக் அமிலம். “இயற்கையானதுதான்மா, பயப்படாதீங்க” என்று தினமும் இரண்டு வேளை எடுத்துக் கொடுத்தார். தாயின் மேல் உள்ள அக்கறையில் செய்ததுதான். அதில் அவர் மேல் எனக்குக் குறையே இல்லை.

பதினொரு மாதம் ஓடியது. மறதி குறையவில்லை. பாதத்தில் எரிச்சல் என்றார், அவருக்கு இருந்த சர்க்கரை நோயால் என்று நினைத்தோம். நடக்கும்போது தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார், வயதாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாள் விடிகாலையில் பாத்ரூமில் விழுந்தார். இடுப்பில் இருந்து தொடைவரை ரத்தம் கட்டிக் கறுத்துவிட்டது. சாதாரண விழுகைக்கு இவ்வளவு கன்றிப்போகுமா என்று ஆஸ்பத்திரியில் டாக்டருக்கே சந்தேகம். தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, உள்ளே ரத்தக்கசிவு இல்லை.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, சுகர் மாத்திரை எத்தனை வருஷமாச் சாப்பிடுறீங்க?” பதினான்கு வருடமாக மெட்ஃபார்மின். “பி12 எப்பவாவது பார்த்தாங்களா?” யாரும் பார்த்ததில்லை. இரண்டாவதாக, “வேற என்னென்ன சாப்பிடுறீங்க, எல்லாத்தையும் கொண்டு வாங்க.” அண்ணன் பையோடு கொண்டுபோய்க் கொட்டினார். டாக்டர் அந்தக் கேப்ஸ்யூல் டப்பாவை எடுத்து, அதில் ‘ஜின்கோ பைலோபா’ என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். பெரியம்மா இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜின்கோ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடியது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து.

ரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று சொல்வார்கள். பெரியம்மாவுக்கு அதில் பாதிகூட இல்லை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையக் கூடும். 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் அறிகுறி உள்ளவர்களுக்கு பி12 பார்க்க வேண்டும் என்று டாக்டர்களுக்கு நினைவூட்டியது. நெஞ்செரிச்சலுக்கு என்று பான்டொப்ரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம். சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். செடிகொடிகளில் பி12 கிடையாது.

இன்னொரு விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் ரத்தசோகையைச் சரிசெய்துவிடும். ரத்தம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நரம்பு தேய்வது நிற்காது. அந்த டப்பாவில் ஃபோலிக் அமிலம் இருந்தது, பி12 இல்லை. பதினொரு மாதம் நாங்கள் அவருக்குக் கொடுத்தது ஒரு திரை. அதற்குப் பின்னால் நோய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பி12 ஊசி போட ஆரம்பித்த சில மாதங்களில் மறதி பெருமளவு சரியானது. பழைய மாணவர்களின் பெயர் திரும்ப வந்தது. பாதத்தின் மரத்த உணர்வு மட்டும் இன்றுவரை போகவில்லை. முன்பே பார்த்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் டாக்டர். மாதம் 1,400 ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது அந்தத் தாமதத்தைத்தான்.

மாத்திரையின் பக்கவிளைவைவிடப் பெரிய ஆபத்து இதுதான்: ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது. மறதிக்குத் திருத்தக்கூடிய காரணங்கள் ஏராளம். தைராய்டு குறைவு. மனச்சோர்வு, வயதானவர்களுக்கு அது அழுகையாக வராமல் மறதியாகவே வரலாம். குறட்டை விட்டு மூச்சுத் திணறித் தூங்குவது. சரியாகக் கேட்காத காது. குடி. ரத்தத்தில் சோடியம் குறைவது. இரண்டு மாதத்துக்கு முன் விழுந்த சாதாரண அடியால் மண்டைக்குள் மெல்லச் சேர்ந்த ரத்தம். இந்தக் கடைசிக் காரணம் இருக்கிறவருக்கு ஜின்கோ கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாம் சாப்பிடும் மாத்திரைகளே மறதியைத் தருவதும் உண்டு. தூக்கத்துக்கு என்று பழகிப்போன அல்பிரசோலம், குளோனசெபாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமின். சிறுநீர் கட்டுப்படாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள். அப்பா இரவில் தூக்க மாத்திரை, பகலில் ஞாபக மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், முதலாவதை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஜின்கோவால் பலனாவது உண்டா? அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்குச் சராசரியாக ஆறு வருடம் தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜின்கோ அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. முதுமை மறதி நோயை ஜின்கோ தடுக்கவில்லை. அதே நாட்டில், ஜெல்லி மீனில் இருந்து வந்த புரதம் என்று சொல்லி ‘பிரிவஜென்’ என்ற ஞாபக மாத்திரை ஓஹோவென்று விற்றது. அதன் விளம்பரங்கள் பொய் என்று 2017-ல் அரசே வழக்குப் போட்டது. ஞாபகத்தை மேம்படுத்தும் என்று சொல்லக் கூடாது என நீதிமன்றம் உத்தரவு போட 2024 டிசம்பர் ஆயிற்று. இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு வருடமும் விற்பனை நடந்தது. விசாரணை முடியட்டும் என்று எந்த டப்பாவும் காத்திருக்காது.

இனிப் பிள்ளைகள் பக்கம் வருகிறேன். இங்கேதான் எனக்குக் கூடுதல் பதற்றம்.

ஹாஸ்டலில் அரை மாத்திரை, கால் மாத்திரை என்று கைமாறுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். “ஒண்ணு போட்டுட்டு உக்காந்தா விடிய விடியப் படிக்கலாம்டா.” பெரும்பாலும் அது மோடஃபினில். சில இடங்களில் மெத்தில்ஃபெனிடேட்.

மோடஃபினில், உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழும் நார்கோலெப்சி என்ற நோய்க்கான மருந்து. ஐரோப்பிய மருந்து அமைப்பு 2010-ல் இதை அலசிப் பார்த்து, அந்த ஒரு நோய்க்கு மட்டும் பயன்படுத்தினால் போதும் என்று சுருக்கிவிட்டது. காரணம், தோலிலும் மனநிலையிலும் அது உண்டாக்கிய தீவிர விளைவுகள். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற நிலையில் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பித் தோல் உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும், உயிரே போகலாம். அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. உடம்பில் அந்த மருந்து பாதி கரையவே 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் போட்ட மாத்திரை மறுநாள் காலையிலும் ரத்தத்தில் இருக்கும். கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைத்துவிடும். நிறுத்திய பிறகும் ஒரு மாதம்வரை அந்த விளைவு நீடிக்கும். கர்ப்பத்தில் எடுத்தால் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

மெத்தில்ஃபெனிடேட் கவனக்குறைவு-துறுதுறுப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மனநல மருத்துவர் கொடுப்பது. அந்தக் குழந்தைக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடும் பிள்ளையையோ பெற்றோரையோ யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசக் கூடாது. அந்தக் குறைபாடு இல்லாத பிள்ளை எடுத்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பசி போகும், தூக்கம் கெடும், சந்தேகமும் பயமும் பிடிக்கும், பழக்கமும் ஆகிவிடும். இதயத்தில் கண்டுபிடிக்கப்படாத கோளாறு இருந்தால் விளைவு மிக மோசம். இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்: அது 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். நண்பனுக்கு அரை மாத்திரை கொடுப்பது உதவி அல்ல, வழக்கில் மாட்டிவிடக் கூடிய காரியம்.

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாக மூளை கூர்மையாகிறதா? ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2023-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 40 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை மெத்தில்ஃபெனிடேட், ஒரு தடவை மோடஃபினில், ஒரு தடவை டெக்ஸ்ட்ரோ-ஆம்ஃபெட்டமின், ஒரு தடவை போலி மாத்திரை. எந்தத் தடவை எது என்று அவர்களுக்குத் தெரியாது. கொடுத்த புதிர், இவ்வளவு எடைதான் தாங்கும் என்ற பையில் எந்தெந்தப் பொருளை வைத்தால் மதிப்பு அதிகம் என்று கணக்குப் போடுவது. மருந்து போட்ட தடவைகளில் அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிகமாகப் பொருட்களை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் யோசனையின் தரம் குறைந்தது. போலி மாத்திரையில் சராசரிக்கு மேல் செய்தவர்களில் பலர், மருந்து போட்டதும் சராசரிக்குக் கீழே போனார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் நஷ்டம் அதிகம். விழித்திருப்பதும் முனைப்பாக இருப்பதும் புத்தி கூர்மையாவது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் ஹாஸ்டலில் மாத்திரை கைமாறுகிறது.

மாத்திரையால் இழக்கும் இரவுத் தூக்கத்தின் விலை தனி. பகலில் படித்ததை மூளை நிலையாகப் பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். வளரிளம் பிள்ளைக்கு 8-லிருந்து 10 மணி நேரம் தேவை. ஞாபகத்துக்கு என்று மாத்திரை போட்டுத் தூக்கத்தைத் துரத்தினால், படித்ததைப் பதிய வைக்கிற நேரத்தையே துரத்துகிறோம். எனர்ஜி டிரிங்கும் அப்படித்தான். அதன் டப்பாவிலேயே குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று போட்டிருக்க வேண்டும் என்பது விதி. காஃபின் தூளை ஆன்லைனில் வாங்கிக் கலக்கிக் குடிப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 28 கப் காபிக்குச் சமம். 2014-ல் அமெரிக்காவில் இரண்டு இளைஞர்கள் அதனால் இறந்தார்கள்.

பெண் குழந்தை “படிச்சது மண்டையில நிக்கல, சோர்வா இருக்கு” என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15-லிருந்து 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் கவனம் நிற்காது. அதற்கான மாத்திரை அரசுப் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த ஞாபக மாத்திரைகளுக்குச் சூட்டும் ‘நூட்ரோபிக்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ருமேனியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய கார்னேலியு ஜுர்ஜியா என்ற விஞ்ஞானி 1972-ல் இதை உருவாக்கினார். 1960-களில் அவர் கொண்டுவந்த பைராசெட்டம்தான் இந்த வகையில் முதல் மருந்து. இந்தப் பெயருக்கு அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பக்கவிளைவு மிகக் குறைவாகவும் நச்சுத்தன்மை இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது. இன்று அந்தப் பெயரில் விற்கும் பலவற்றுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. பைராசெட்டமே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது, மூளையில் ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஆகாது. பிரிட்டனில் அதற்கு அனுமதி உள்ளது ஒரு வகைத் தசைத் துடிப்பு நோய்க்கு மட்டும். நம் ஊரில் மார்க் குறைந்த பிள்ளைக்கு அதைச் சிரப்பாகக் கேட்டு வாங்குகிறார்கள். வேண்டாம்.

“நாங்க இங்கிலீஷ் மருந்தே தொடுறதில்ல, வல்லாரைதான்” என்கிறீர்களா? வல்லாரைக் கீரையைத் துவையலாக, பொரியலாக வாரம் ஒரு நாள் சாப்பிடுவதில் பயப்பட எதுவும் இல்லை. நான் பயப்படுவது அதே வல்லாரையைச் செறிவாக்கி அடைத்த கேப்ஸ்யூலைப் பற்றி. வாரக்கணக்கில் வல்லாரை மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா மாத்திரையிலும் இதே கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. தைராய்டு சுரப்பை அது கூட்டக் கூடியது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது.

நீர்ப்பிரமி என்ற மூலிகைக்கு மட்டும் ஓரளவு நல்ல சாட்சியம் உண்டு. வடக்கே வல்லாரையையும் இதையும் ‘பிராமி’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால் எது உள்ளே இருக்கிறது என்பதிலேயே குழப்பம். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான 46 பேருக்கு தினம் 300 மில்லிகிராம் சாறு 12 வாரம் கொடுத்தபோது, கற்பதிலும் நினைவிலும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. கவனியுங்கள், சிறிய முன்னேற்றம், அதுவும் 12 வாரம் கழித்து. பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் வாங்கினால் கிடைப்பது குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான். வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈரத்தில் வளர்பவை, மண்ணிலும் நீரிலும் உள்ள உலோகங்களை உறிஞ்சுபவை. சாக்கடை ஓரத்தில் பறித்த கீரைக்கும் சுத்தமான வயலில் வளர்ந்ததற்கும் வித்தியாசம் டப்பாவில் தெரியாது. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கி அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-ல் வெளியான ஆய்வு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம். மூளைக்கு என்று வாங்கிய டப்பாவில் அது இருப்பதைவிடக் கொடுமை இருக்க முடியாது.

வசம்பைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. பிள்ளை வளர்ப்பான் என்றும், ராத்திரியில் ‘பேர் சொல்லாதது’ என்றும் பாட்டிமார் போற்றிய பொருள். பேச்சு சீக்கிரம் வரும், புத்தி வரும் என்று சுட்டு உரசிக் கைக்குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். அதில் உள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பாட்டியின் அன்பை மதியுங்கள். குழந்தையின் நாக்கில் மட்டும் வசம்பு வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வரவழைக்கும் டப்பாக்களை நம்பலாமா? மூளைத்திறன் கூட்டும் என்று அமெரிக்காவில் விற்ற பத்துத் தயாரிப்புகளை 2020-ல் ஆராய்ந்தார்கள். அந்த நாட்டில் அனுமதியே இல்லாத ஐந்து மருந்துகள் அவற்றில் கிடைத்தன. ஒரே தயாரிப்பில் நான்குவரை கலந்திருந்தது. லேபிளில் எழுதிய அளவுக்கும் உள்ளே இருந்த அளவுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. அவற்றில் ஒன்றான ஃபெனிபட் பழகிவிட்டால் விடும்போது நடுக்கமும் மனக்குழப்பமும் வரும். மற்றொன்றான வின்போசெட்டின் கருச்சிதைவை உண்டாக்கக் கூடும் என்று அந்நாட்டு மருந்து அமைப்பு 2019-ல் பெண்களை எச்சரித்தது.

இவ்வளவுக்குப் பிறகும், “டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்” அல்லது “நான் ஒரு தடவை முயற்சி செஞ்சு பார்க்கணும்” என்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களைத் திட்ட நான் எழுதவில்லை. பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “இது எந்த நோய்க்கு? எத்தனை மாசம் சாப்பிடணும்? பலன் இருக்கா இல்லையான்னு எப்ப, எதை வச்சுப் பார்ப்பீங்க?” பதில் இல்லாத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்காதீர்கள். அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் டோனெபிசில் போன்றவை வேறு வகை. அவை உண்மையான மருந்துகள், ஆனால் இதயத் துடிப்பைக் குறைத்து மயக்கம் வரவழைக்கக் கூடியவை. அவற்றோடு கடையில் வாங்கிய ஹூபர்சின் போன்ற ஞாபக மாத்திரையைச் சேர்த்தால் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு மருந்து ஆகிவிடும்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை, லேகியம், சூரணம், டானிக்கையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். “இயற்கைதானே” என்று எதையும் ஒளிக்க வேண்டாம். பி12, டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், கல்லீரல் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். வைட்டமின் மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போனால் பி12 அளவு நன்றாக இருப்பது போலக் காட்டும், உண்மை மறைந்துவிடும். பல பொருள் கலந்த கலவை வேண்டாம். ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று, மிகக் குறைந்த அளவில், முடியும் தேதி குறித்துக்கொண்டு. பி6 அதிகம் உள்ள கலவைகளில் குறிப்பாகக் கவனம். நாட்பட எடுத்தால் கை கால் நரம்பே மரத்துப்போகும். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், 18 வயதுக்குக் கீழே உள்ளவர், வலிப்பு, இதய நோய், மனநலச் சிகிச்சை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உள்ளவர்கள் தாமாக எதையும் தொடங்கவே கூடாது. பல் பிடுங்குவதாக இருந்தால்கூட ஜின்கோ சாப்பிடுவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத கன்றல், யாரோ தன்னைக் கவனிப்பது போன்ற பயம் இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் செய்யலாம். உங்கள் ஒரு புகார் இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றும். படிப்பு பயத்தில் தூங்காமல் தவிக்கும் பிள்ளைக்கு 14416 எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் நேற்றுவரை நன்றாக இருந்து இன்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புகிறார், பேச்சு குழறுகிறது என்றால் அதற்குப் பெயர் மறதி அல்ல. மாத்திரை தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் அம்மாவோ அப்பாவோ இருந்தால், நாளைக் காலை அவர்களைக் கூட்டிப்போய் ஒரே ஒரு தடவை பி12 பார்த்துவிடுங்கள். என் பெரியம்மாவுக்கு அது பதினொரு மாதம் தாமதமாகத்தான் நடந்தது.